சர்க்கரையை அளக்கிறோம், மனத்தைக் கேட்கிறோமா?

விளாத்திகுளத்துக்குப் பக்கத்தில் ஒரு கரிசல்காட்டு ஊர். அங்கே உளுந்தும் மிளகாயும் பயிரிடும் ஒரு தாத்தாவை நினைத்துக்கொள்ளுங்கள். அவருக்குப் பத்தாண்டுகளாக நீரிழிவு நோய். விடியற்காலையில் ஓடைக்கரை வரை நடந்துவிட்டு வருவார். மாத்திரையை நேரம் தவறாமல் விழுங்குவார். பேரன் கையில் கோவில்பட்டிக் கடலைமிட்டாயைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அப்படிப்பட்டவர் சில மாதங்களாக நடக்கப் போவதில்லை. சாவடியில் உட்கார்ந்து பேசுவதும் நின்றுவிட்டது. "தாத்தா, மாத்திரை போட்டீங்களா?" என்று பேரன் கேட்டால், "போட்டு என்னய்யா ஆகப்போகுது" என்கிறார். இரத்தத்தைச் சோதித்தால் சர்க்கரை ஏறியிருக்கிறது. "வாயைக் கட்டத் தெரியவில்லை" என்று வீட்டில் எல்லோரும் ஏசுகிறார்கள். டாக்டர் மாத்திரையின் அளவைக் கூட்டி எழுதித் தருகிறார்.

இந்தத் தாத்தா கற்பனைதான். ஆயினும் உங்களில் பலர் இவரை அறிவீர்கள். இவருக்கு நாக்குக் கட்டுப்பாடு போய்விட்டது என்று நாம் தீர்ப்புச் சொல்வது சரிதானா? மனச்சோர்வு என்னும் இரண்டாவது நோயும் இவரைப் பிடித்திருக்கக்கூடும் என்று யாராவது நினைத்துப் பார்த்தோமா?

உலகெங்கும் நடந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், நீரிழிவு உள்ளவர்களிடம் மனச்சோர்வு மற்றவர்களிடம் இருப்பதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு காணப்படுகிறது. காரணம் என்ன? 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கில மருத்துவர், நெடுநாள் துயரம் நீரிழிவை உண்டாக்கும் என்று கருதினார். அவர் சொன்னது முழுதும் சரியல்ல. முழுதும் தவறும் அல்ல. மனம் நெடுங்காலம் நெருக்கடியில் இருக்கும்போது, சிறுநீரகங்களின்மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் கார்ட்டிசால் என்ற ஹார்மோனை மிகுதியாகச் சுரக்கக்கூடும். அது கல்லீரலைத் தூண்டி இரத்தத்தில் சர்க்கரையைக் கூட்டும். இன்சுலினின் வேலையையும் மந்தமாக்கும். மற்றொரு வழி மிகச் சாதாரணமானது. சோர்ந்த மனிதர் நடக்கமாட்டார், மாத்திரையை மறப்பார், கிடைத்ததை உண்பார். ஏறிய சர்க்கரை நாளடைவில் நரம்புகளைக் கெடுத்துப் பாதத்தில் எரிச்சலை உண்டாக்கும். இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழுப்பும். தூக்கம் கெட்டவரின் மனம் எப்படித் தெளியும்? செக்குமாடு சுற்றுவதுபோல் ஒன்று மற்றொன்றை இழுத்துக்கொண்டு சுற்றுகிறது.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. களைப்பு, உடல் மெலிவு, பசியில் மாற்றம், தூக்கமின்மை ஆகியவை மனச்சோர்வின் அடையாளங்கள். சர்க்கரை மிகுந்தாலும் இதே அடையாளங்கள் தோன்றும்! எனவே "எல்லாம் சர்க்கரைதான்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். முன்பு பிடித்தது எதிலும் இப்போது பிடிப்பில்லாமல் போவதும், தன்னைப் பிறருக்குப் பாரம் என்று எண்ணுவதும் எந்தக் கருவியிலும் தெரிவதில்லை. அவற்றைக் கேட்டுத்தான் அறியவேண்டும்.

எங்கள் பக்கத்தில் இன்னொரு தடையும் இருக்கிறது. இது வானம் பார்த்த பூமி. ஐப்பசி மழை தவறினால் விதைப்பு போயிற்று. மழை பெய்து பயிர் நன்றாக வந்தாலும் காட்டுப்பன்றி புகுந்து உழக்கிவிட்டுப் போகும். ஆகையால் ஒருவர் துவண்டு கிடந்தால், "கவலைப்படக் காரணமா இல்லை? நாலு மழை பெய்தால் தானே சரியாகிவிடுவார்" என்று சொல்லிவிடுகிறார்கள். இந்த வாதத்தை நான் ஏற்கவில்லை. கிணற்றுமேட்டில் வழுக்கி விழுந்து ஒருவர் காலை முறித்துக்கொண்டால், முறிந்த காரணம் நமக்குத் தெரியும் என்பதற்காக மாவுக்கட்டுப் போடாமல் விடுகிறோமா? மழை பெய்தபிறகும் எழுந்து காட்டுக்குப் போகாதவர்கள் இருக்கிறார்களே, அவர்களை என்ன செய்வது?

என் யோசனை எளியது. 2021 ஆகஸ்ட் 5ஆம் நாள் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வீட்டு வாசலிலேயே மாத்திரை தரும் வழக்கத்தைக் கொண்டுவந்தது. மாத்திரை கொண்டுவருகிறவர் வேறு இரண்டு கேள்விகளையும் கேட்கட்டும்: "கடந்த இரண்டு வாரமாக எதிலும் நாட்டமில்லாமல் இருக்கிறதா? மனம் சோர்ந்து, நம்பிக்கையற்றுத் தோன்றுகிறதா?" உலகெங்கும் மருத்துவர்கள் முதல் சோதனையாகப் பயன்படுத்தும் கேள்விகள் இவை. "ஆம்" என்ற விடை வந்தவுடனே நோய் என்று முடிவுகட்டிவிட முடியாது. டாக்டர் மேற்கொண்டு விசாரிக்கவேண்டும் என்றுதான் பொருள்.

டாக்டருக்கு ஏது நேரம் என்பார்கள். நியாயம்தான். சென்னை, பெங்களூரு, விசாகப்பட்டினம், டெல்லி ஆகிய நகரங்களில் நான்கு மருத்துவமனைகளில், நீரிழிவும் மனச்சோர்வும் சேர்ந்திருந்த 404 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பாதியினருக்கு வழக்கமான சிகிச்சை. மறு பாதியினரை, டாக்டர் அல்லாத, பயிற்சி பெற்ற ஊழியர் ஒருவர் தொடர்ந்து விசாரித்து வந்தார். டாக்டர்களோடு கலந்து சிகிச்சையை மாற்றவும் உதவினார். 2020இல் முடிவு வெளியாயிற்று. இரண்டாண்டுகளில் மனச்சோர்வு பாதியாவது குறைந்து, அதோடு சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு இவற்றில் ஒன்றாவது சீரானவர்கள், வழக்கமான சிகிச்சையில் 100க்கு 57 பேர். விசாரிக்கப்பட்டவர்களில் 100க்கு 72 பேர்.

கேட்டுவிட்டு எங்கே அனுப்புவது என்பது இதைவிடக் கடினமான கேள்வி. கரிசல்காட்டிலிருந்து மனநல மருத்துவரிடம் போவதற்குப் பேருந்துச் செலவும், ஒருநாள் கூலி இழப்பும் ஆகும், "பைத்தியத்துக்கா வைத்தியம்?" என்ற பேச்சையும் கேட்கவேண்டியிருக்கும். தாலுகா ஆஸ்பத்திரியில் சர்க்கரை நோயாளிகள் வரும் நாளிலேயே மனநல ஆலோசகரும் ஒரு மேசை போட்டு உட்கார்ந்தால் இதில் பெரும்பகுதி தீரும்.

பல வீடுகளில் தாத்தாவின் சீனி டப்பாவுக்குக் காவல் வைப்பது உங்களைத்தான். அந்தப் போலீஸ் வேலையை விட்டுவிடுங்கள். அவரோடு ஓடைக்கரை வரை நடந்து போங்கள். "செத்தால் தேவலை" என்பதுபோல் அவர் ஏதாவது சொன்னால், கோபத்தில் சொன்னார் என்று தள்ளிவிடாமல் அன்றைக்கே வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லிவிடுங்கள். 14416 என்ற இலவசத் தொலைபேசி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.