தவெர்னா என்றால் பண்பாடு, கடை என்றால் கலப்படமா?

கிரேக்கக் கடற்கரையில் நான்கு மேசைகளைப் போட்டு, கரியடுப்பில் மீன் சுட்டு, எளியோருக்கும் கட்டுப்படியாகும் விலையில் தரும் கடைக்குத் ‘தவெர்னா’ என்று பெயர். அதைப் பண்பாட்டு அடையாளமாக நாம் மதிக்கிறோம். அச்சொல்லின் மூலமான ‘தபெர்னா’ என்னும் இலத்தீன் சொல்லுக்குக் குடில், கடை என்பனவே பொருள். பொழியூரிலும் பூவாறிலும் ஓலைக்கீற்றின்கீழ் அதே பணியைச் செய்யும் கடை மட்டும் நமக்கு வெறும் தட்டுக்கடை.

இவ்வெரிச்சலுக்குக் காரணம் உண்டு. பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லையோரச் சிற்றூர்களின் பேச்சுமொழி குறித்து ஒரு கருத்தரங்கில் கட்டுரை வாசித்தேன். மூத்த பேராசிரியர் ஒருவர் சொன்னார்: “அது மலையாளம் கலந்து சிதைந்த தமிழ், சாப்பாட்டுக் கடையில் கேட்டதெல்லாம் தரவாகாது.” அவையில் ஒருவரும் மறுக்கவில்லை. ஆகவே இங்கே மறுக்கிறேன்.

அக்கடையில் அமர்ந்து கேளுங்கள்: சாளை, அயிலை, நெத்தோலி, கணவாய், மரச்சீனி. இச்சொற்கள் களியக்காவிளைக்குக் கிழக்கே குமரி மாவட்டத்திலும், வடமேற்கே திருவனந்தபுரம் வரையிலும், சிற்சில ஒலிமாற்றங்களுடன் வழங்குகின்றன. மலபாருக்குச் சென்றால் சாளை ‘மத்தி’ ஆகிறது. கணவாய் ‘கூந்தல்’ ஆகிறது. மரச்சீனி ‘பூள’ ஆகிறது. சென்னைக்கு வந்தால் அயிலை ‘கானாங்கெளுத்தி’, மரச்சீனி ‘மரவள்ளி’. சொல்லெல்லைக் கோடுகள் கேரளத்துக்குள்ளும் ஓடுகின்றன, தமிழ்நாட்டுக்குள்ளும் ஓடுகின்றன. களியக்காவிளைச் சோதனைச் சாவடியில்தான் இவற்றுள் ஒன்றும் நிற்கவில்லை.

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அன்று பிரிந்தது நிர்வாகம். விசாகம் திருநாள் (1880–1885) மரச்சீனிச் சாகுபடியை ஊக்குவித்த நாளில் இரு பக்கமும் ஒரே திருவிதாங்கூர். ஒரே அடுப்பில் வெந்த சொற்களை, பின்னால் வரைந்த கோட்டைக் கொண்டு ‘இது சொந்தம், இது கடன்’ எனப் பிரிப்பது மொழியியல் அன்று, வருவாய்த்துறையின் வேலை.

எல்லாம் தமிழே என்று நான் வாதிடவில்லை. பள்ளியும் அலுவலகமும் பெரும்பாலும் மலையாளத்தில் இயங்கும் ஊரில் கடன்வாங்கல் நிகழ்ந்தே தீரும். ஆனால் அதை நிறுவ ஒலியனியல், உருபனியல் சான்றுகள் வேண்டும்; மாநில வரைபடம் சான்றாகாது.

காலமும் காத்திருக்கவில்லை. கோவளம், வர்க்கலை உணவகப் பட்டியல்களில் கணவாய் ஏற்கெனவே ‘கலமாரி’ ஆகிவிட்டது. கிரேக்கத்தில் அச்சொல் மைக்கூட்டைக் குறித்தது. மை கக்கும் உயிருக்குப் பொருத்தமான பெயர்தான். அவர்கள் தம் சொல்லைக் கடையில் வாழவிட்டார்கள். உலகம் அதைக் கற்றுக்கொண்டது. நாமோ, கடையில் கேட்ட சொல் என்பதற்காகவே நம் சொல்லைத் தள்ளுகிறோம்.

மறுப்புள்ளோர் ஒலிப்பதிவுக் கருவியுடன் பொழியூருக்கு வரலாம். மீனுக்கான செலவு என்னுடையது.