டாட்ஸ்கியின் கமீலியாப் பூக்கள்

தாஸ்தாயெவ்ஸ்கியின் 'அசடன்' பற்றிப் பேச்சு வந்தால் நம்மவர்கள் மிஷ்கினைப் பற்றித்தான் பேசுகிறார்கள். கிறிஸ்து, டான் க்விக்ஸாட், புனித அசடு என்று ஜபமாலையை உருட்டி முடித்த பிறகு நஸ்டாஸ்யா பிலிப்போவ்னாவுக்கு ஒரு வரி மிஞ்சுகிறது: அழிவைக் கொண்டுவரும் அழகு, வீழ்ந்த பெண், ஹிஸ்டீரியா. நாவலுக்குள் பீட்டர்ஸ்பர்க் வரவேற்பறைகளில் அடிபடும் வம்புப் பேச்சும் ஏறக்குறைய இதுவேதான். அந்த வம்பை விமர்சனம் என்ற பெயரில் நாம் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

அவள் கதையை முதலில் எப்படிக் கேட்கிறோம் என்று கவனிக்க வேண்டும். முதல் பாகம், நான்காம் அத்தியாயம். அங்கே அது டாட்ஸ்கி என்ற கனவானின் சங்கடமாகச் சொல்லப்படுகிறது. தாய் தந்தையற்ற சிறுமியை இந்த நிலப்பிரபு வளர்க்கிறான். 12 வயதிலேயே அவள் பேரழகியாவாள் என்று கண்டுகொள்கிறான். இவ்விஷயத்தில் அவன் கண் தவறாதாம். நான்கு வருஷம் படிப்பு. பிறகு ஒரு கிராமத்து வீட்டில் குடிவைத்து, கோடைதோறும் போய்த் தங்குகிறான். அந்தக் கிராமத்தின் பெயருக்கே இன்பம் தருவது என்று பொருள். பிற்பாடு அவனுக்குப் பெரிய இடத்தில் கல்யாணம் செய்துகொள்ள ஆசை வருகிறது. அதற்கு இவள் இடைஞ்சல். தாஸ்தாயெவ்ஸ்கி பல்லைக் கடித்துக்கொண்டு எழுதிய கிண்டல் இது. கிண்டலைத் தகவலாக வாசிக்கிறவன் தன்னையறியாமல் டாட்ஸ்கியின் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொள்கிறான்.

அவளுடைய 25-வது பிறந்தநாள் விருந்தில் ஒரு விளையாட்டு. ஆண்கள் தங்கள் வாழ்வில் செய்த ஆகக் கேவலமான காரியத்தைச் சொல்லவேண்டும். டாட்ஸ்கி சொல்கிறான்: ஒரு சீமாட்டிக்காக நண்பன் தேடி அலைந்த கமீலியாப் பூக்களை, தான் முந்திக்கொண்டு வாங்கிக் கொடுத்துவிட்டானாம். எதிரே அவள் உட்கார்ந்திருக்கிறாள். அவளுடைய 'வெறியாட்டம்' இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

அந்த வெறியாட்டத்தில் அவள் செய்வதென்ன? அவளைக் கான்யாவின் தலையில் கட்ட டாட்ஸ்கி தரவிருந்த 75,000 ரூபிளை நிராகரிக்கிறாள். ஜெனரல் யெபான்சின் தந்த முத்துக்களை அவர் மனைவியிடமே கொடுக்கச் சொல்கிறாள். ரோகோஷின் கொண்டுவந்த 1,00,000 ரூபிளை நெருப்பில் எறிகிறாள். கான்யா மயங்கி விழுந்ததும் தானே வெளியே எடுத்து அவனுக்கே விட்டுவிடுகிறாள். வீட்டையும் துறக்கிறாள். தன்மேல் போடப்பட்ட எந்த விலையிலும் ஒரு காசுகூடக் கையில் ஒட்டவில்லை. இது கணக்குத் தீர்த்தல். இதற்கு ஹிஸ்டீரியா என்று பெயர் வைப்பது டாட்ஸ்கிக்கு வசதி. நமக்கு என்ன அவசியம்?

எதிர்வாதம் தெரிந்ததே. அவளே தன்னைக் கெட்டவள் என்கிறாள், மிஷ்கினை உதறி ரோகோஷினோடு போகிறாள், கல்யாணத்தன்று தேவாலயத்துக்குப் புறப்படும்போது ஓடுகிறாள். உண்மைதான். இன்னொருவன் செய்த குற்றத்தைத் தன்னுடையதென்று நம்ப வைக்கப்பட்டவள் வேறெப்படி நடந்துகொள்வாள்? டாட்ஸ்கியின் முழு வெற்றி அந்த நம்பிக்கையில் இருக்கிறது. அதை ஒப்புதல் வாக்குமூலமாக எடுத்துக்கொண்டு தீர்ப்பெழுதுகிறான் விமர்சகன். மிஷ்கினுக்கு அவள் நிரபராதி என்று தெரியும். ஆனால் தன்னுடையது காதலல்ல, இரக்கம் என்று அவனும் ரோகோஷினிடம் சொல்கிறான். மன்னிப்புக் கேட்கவேண்டியவன் கேட்காதபோது, இரக்கமும் ஒரு தீர்ப்பாகவே அவள்மேல் இறங்குகிறது.

கடைசியில் தண்டனைகளை எண்ணிப் பாருங்கள். அவளுக்குக் கத்தி. ரோகோஷினுக்கு சைபீரியாவில் 15 வருஷம். மிஷ்கின் சித்தம் கலங்கி மீண்டும் ஸ்விட்ஸர்லாந்து வைத்தியசாலைக்கு. டாட்ஸ்கியோ ஒரு பிரெஞ்சுச் சீமாட்டியிடம் மையல் கொண்டு, கல்யாணம், பாரிஸ் என்று கிளம்பிவிடுகிறான். 1868-69-ல் தொடராக வெளிவந்த நாவல் அவனைத் தப்பவிட்டது. தப்புவதை நாம் பார்க்கட்டும் என்றே விட்டது. புனித அசடனைப் பற்றி நாம் எழுதும் பக்கங்களில் டாட்ஸ்கியின் பெயர் எத்தனை முறை வருகிறது? எண்ணுவதற்கு ஒரு கை விரல்கள்கூட வேண்டாம்.