நீதிபதி சொன்ன தேதியை நம்பலாமா?

அமெரிக்க ஃபெடரல் கோர்ட்டில் சிவில் வழக்கில் தோற்றவர், தீர்ப்பு பதிவான 30 நாளுக்குள் மேல்முறையீட்டு அறிவிப்பு கொடுக்க வேண்டும். மத்திய அரசும் ஒரு தரப்பு என்றால் 60 நாள். கொடுக்க வேண்டிய இடம் மேல் கோர்ட் அல்ல, தோற்ற அதே கோர்ட்.

எளிதுதானே என்கிறீர்களா? ஓஹையோ சிறைக்கைதி பவுல்ஸின் கதையைக் கேளுங்கள். கெடு தவறிய அவருக்குச் சட்டப்படி மறுபடி 14 நாள்தான் தரலாம். நீதிபதியோ 17 நாள் தந்துவிட்டார். அதை நம்பி 16-வது நாள் அறிவிப்பு கொடுத்தார். 2007-ல் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் அது செல்லாது என்றுவிட்டது!

என்னைக் கேட்டால் இது அநியாயம். தப்பு நீதிபதியுடையது, தண்டனை கைதிக்கா? கோர்ட் உத்தரவையே நம்பக்கூடாதென்றால் வேறு எதை நம்புவது? ஆனாலும் அந்தத் தீர்ப்பு இன்றும் நிற்கிறது. அதனால் அங்கே வழக்காடுபவர்கள் யார் சொன்னாலும் சரி, சட்டத்தைப் பார்த்து நாளைத் தாங்களே எண்ணிக்கொள்வது நல்லது.