ஓராண்டு உழைப்புக்கு மதிப்பெண் வேண்டாமா?

"பையனுக்குப் பொதுத்துறை நிறுவனத்தில் அப்ரண்டீஸ் கிடைத்துவிட்டது, இனி வேலை நிச்சயம்" என்று மகிழும் பெற்றோர் நம்மவரிடையே பலர். அந்தக் காலத்தில் அப்படி நுழைந்து நிரந்தரமானவர்களைப் பார்த்து வளர்ந்த நம்பிக்கை அது. பட்டதாரிகளைப் பொறுத்தவரை இன்றைய நடைமுறை வேறு.

1961-ஆம் ஆண்டின் அப்ரண்டீஸ் சட்டத்தில், 1973-இல் வந்த திருத்தத்தால் பொறியியல் பட்டதாரிகளும் சேர்க்கப்பட்டனர். பயிற்சி ஓராண்டு. 2019-இல் திருத்திய விதிகள் பட்டதாரிக்குக் குறைந்தபட்ச உதவித்தொகையாக மாதம் 9,000 ரூபாய் நிர்ணயித்தன. ஆனால் சட்டப்படி அவர் பயிற்சி பெறுபவரே, தொழிலாளி அல்லர். பயிற்சி முடிந்ததும் வேலை தரும் கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை. இவர்களைப் பணிக்கு எடுப்பது பற்றி ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு கொள்கை வகுக்கவேண்டும் என்பதோடு 2014-ஆம் ஆண்டுத் திருத்தம் நின்றுவிட்டது.

மற்றத் தகுதிகள் சமமாக இருந்தால் பயிற்சி பெற்றவருக்கே முன்னுரிமை என்று உத்தரப் பிரதேச அரசுப் போக்குவரத்துக் கழக வழக்கில் 1995-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நல்ல தீர்ப்புதான். ஆனால் ஆயிரக்கணக்கானோர் எழுதும் தேர்வில் இருவர் சமமாக நிற்பது அபூர்வம் அல்லவா?

ரயில்வேயில் பயிற்சி முடித்த ஐ.டி.ஐ. பையன்களுக்கு, கடைநிலைப் பணியிடங்களில் 20 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. பட்டதாரிக்கோ பொதுவாக அப்படி ஒரு வழி இல்லை. பெரிய நிறுவனங்கள் பல, 'கேட்' மதிப்பெண்ணைப் பார்த்தே பொறியாளர்களை அழைக்கின்றன. ஆலையில் ஓராண்டு வேலை பழகியவரும், வீட்டிலிருந்து தேர்வுக்குப் படித்தவரும் அங்கே ஒன்றுதான். சொல்லப்போனால், படிக்க நேரம் கிடைத்தவருக்கே லாபம்.

இது மாறவேண்டும். பயிற்சியை முறையாக முடித்தவருக்குத் தேர்வில் சில மதிப்பெண்களும், வயது வரம்பில் ஓராண்டுத் தளர்வும் தரலாம். மற்றவர்களின் வாய்ப்பு பறிபோகும் என்பார்கள். அப்ரண்டீஸ் இடங்களும் பகிரங்க அறிவிப்பின் மூலம்தானே நிரப்பப்படுகின்றன? அதற்கும் யாரும் விண்ணப்பிக்கலாமே!

அதுவரை பெற்றோர் செய்யவேண்டியது ஒன்று உண்டு. பிள்ளையை அனுப்புங்கள், அனுபவம் வீண்போகாது. ஆனால் சேருமுன், அந்த நிறுவனத்தின் பணி நியமனக் கொள்கை என்ன என்று எழுத்து மூலம் கேளுங்கள். மாலையில் 'கேட்' தேர்வுக்கும் படிக்கச் சொல்லுங்கள். ஊர் விட்டு வந்த நமக்குச் சிபாரிசு செய்ய ஆளில்லை, விதிகளையாவது தெரிந்துவைத்திருப்போம்.