குதிரைகளை எண்ணுவோரும் ஆன்மாவைத் தேடுவோரும்

மாதமொருமுறை புத்தகங்களைப் பற்றிப் பேசக் கூடும் நம் சிறு வட்டத்தின் சென்ற கூட்டத்தை ஒரு மாமனும் மருமகனும் கைப்பற்றிக்கொண்டார்கள். மாமன், டெட்ராய்ட் புறநகர் ஒன்றில் இருபதாண்டுகள் பொறியாளராக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். மருமகனோ இன்றைய எந்தக் காரின் குதிரைத்திறனையும் மனப்பாடமாக ஒப்பிக்கக்கூடிய இளைஞர். பேச்சு அமெரிக்க 'மசில் கார்'களைப் பற்றியது. 1960களின் கார்களுக்கே ஆன்மா உண்டு, இன்றையவை சக்கரம் பூட்டிய கணினிகள் என்றார் மாமன். மருமகன் 1,025 என்ற ஒரே எண்ணைத் திரும்பத் திரும்பச் சொன்னார். எடுத்துவந்த நாவல் பையைவிட்டு வெளியே வரவேயில்லை.

நாம் தமிழ் கற்பிக்கிறோம். எஞ்சினைக் கழற்றிப் பூட்டிய அனுபவம் நமக்கில்லை. ஆனால் பொற்காலம் என்ற சொல்லைக் கேட்டவுடன் சந்தேகிக்கவும், எண்ணிக்கையைத் தரமென்று காட்டுவோரைக் கண்டால் விலகவும் இலக்கியக் கல்வி நமக்குக் கற்றுத் தந்திருக்கிறது. அந்தப் பழக்கத்தில் இவ்விவாதத்தின் பின்னணியைத் தேடிப் படித்தோம். இரு தரப்பாரும் தவறான பொருளைப் பற்றிச் சண்டையிடுகிறார்கள் என்பதே நாம் அடைந்த முடிவு.

முதலில் மாமனின் கட்சி. இதன் மூலக்கதை 1964இல் தொடங்குகிறது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1963இன் தொடக்கத்தில் தன் பிரிவுகள் பந்தயங்களில் ஈடுபடுவதைத் தடைசெய்தது. நடுத்தர அளவுக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சின் கூடாது என்ற விதியும் அங்கிருந்தது. பான்டியாக் பிரிவின் தலைமைப் பொறியாளராக இருந்த ஜான் டிலோரியனும் அவருடைய சகாக்களும் இவ்விதியில் ஓர் இடுக்கைக் கண்டுபிடித்தார்கள். புதிய மாடலாக அறிவித்தால்தானே மேலிடத்தின் அனுமதி வேண்டும்? எனவே டெம்பஸ்ட் என்னும் சாதாரணக் காரில், 389 கன அங்குல எஞ்சினை ஏறத்தாழ 300 டாலர் கூடுதல் விலையில் ஒரு விருப்பத் தேர்வாக வைத்தார்கள். ஃபெராரியிடமிருந்து பெயரை எடுத்து ஜிடிஓ என்று சூட்டினார்கள். முதல் ஆண்டிலேயே 32 ஆயிரத்துக்கும் மேல் விற்றது. மேலிடம் விதியை மறந்தது.

அடுத்த ஏழெட்டு ஆண்டுகள்தாம் மாமன் சொல்லும் பொற்காலம். அக்காலத்தின் எண்களை அவர் புனித வாக்காகக் கொள்கிறார்: கிரைஸ்லரின் 426 ஹெமி 425 குதிரைத்திறன், 1970ஆம் ஆண்டு ஷெவல் எஸ்எஸ் 454இன் எல்எஸ்-6 எஞ்சின் 450 குதிரைத்திறன். அவை எவ்வாறு அளக்கப்பட்டன என்பதை அவர் சொல்வதில்லை. எஞ்சினைத் தனியே மேடையில் ஏற்றி, காற்று வடிகட்டியையும் புகைபோக்கியின் ஒலியடக்கியையும் துணைக்கருவிகளையும் நீக்கிவிட்டு அளந்த மொத்தத் திறன் அது. காரில் பொருத்தியபின் எஞ்சும் நிகரத் திறனை வெளியிடும் வழக்கம் 1971-72இல்தான் வந்தது. 1971இல் கிரைஸ்லர் அதே ஹெமிக்கு இரு எண்களையும் தந்தது: மொத்தம் 425, நிகரம் 350. எஞ்சினில் எதுவும் மாறவில்லை. அளவுகோல் மாறியதில் 75 குதிரைகள் காணாமற்போயின.

பொய் ஒரு திசையில் மட்டும் ஓடவில்லை. இளைஞர்களின் காப்பீட்டுக் கட்டணம் குதிரைத்திறனோடு சேர்ந்து ஏறத் தொடங்கியபோது, சில எஞ்சின்களின் எண்ணைக் குறைத்துச் சொல்வதே வணிகத்துக்கு வசதியாயிற்று. ஃபோர்டின் பாஸ் 429க்கு அறிவிக்கப்பட்ட 375ஐ அன்றே எவரும் நம்பவில்லை. ஆக, 1960களின் குதிரைத்திறன் என்பது பெரும்பகுதி விளம்பர இலக்கியம். அதை இன்றைய நிகர எண்ணோடு அருகருகே வைத்து ஒப்பிடுவது, மெய்க்கீர்த்தியை அப்படியே வரலாறாக வாசிப்பதற்கு ஒப்பாகும்.

எண் போகட்டும், ஆன்மா? அந்த ஆன்மா எதன்மேல் உட்கார்ந்திருந்தது என்று பார்ப்போம். 1964 ஜிடிஓவின் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக். முன்சக்கர டிஸ்க் பிரேக் 1967இல்தான் வந்தது, அதுவும் கூடுதல் விலைக்கு. டயர்களோ இன்றைய ரேடியல் அல்ல. குறுகலான, எளிதில் வழுக்கும் பழைய வகை. வேகமாக ஓடத் தெரிந்து, நிற்கவும் திரும்பவும் தெரியாத இயந்திரம் அது. அமெரிக்காவில் 1966இல் பத்துக் கோடி மைல் பயணத்துக்கு ஏறத்தாழ 5.5 பேர் சாலையில் இறந்தார்கள், 2023இல் 1.26. இடையில் நிகழ்ந்தவை ரால்ஃப் நேடரின் 1965ஆம் ஆண்டு நூல், 1966இன் வாகனப் பாதுகாப்புச் சட்டம், இருக்கைப் பட்டை, காற்றுப்பை, மாமன் ஏளனம் செய்யும் அந்தக் கணினி. கார் சறுக்கும்போது ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியே பிடித்து நிலைப்படுத்தும் மின்னணு ஏற்பாடு 2012 மாடல்கள் முதல் அங்கு கட்டாயம். ஆன்மாவற்றதென்று அவர் சொல்லும் பொருள் பிறருடைய ஆன்மா உடலைவிட்டுப் பிரியாமல் காக்கிறது.

இன்னுமொன்று. பழைய எஞ்சின்களின் உயர்ந்த அழுத்த விகிதத்துக்கு உயர் ஆக்டேன் பெட்ரோல் வேண்டும். அதற்காக அதில் ஈயம் கலந்தார்கள். அந்த ஈயம் புகையோடு வெளியேறி, நெடுஞ்சாலையோர வீடுகளில் வளர்ந்த குழந்தைகளின் இரத்தத்தில் சேர்ந்தது. 1970இன் தூய காற்றுச் சட்டத்தையும் ஈயமற்ற பெட்ரோலையும் முன்னிட்டு 1971இல் அழுத்த விகிதங்கள் குறைக்கப்பட்டன. 1973 அக்டோபரில் எண்ணெய்த் தடை வந்தது. 1975இல் மஸ்டாங்கின் வி-8 எஞ்சின் 122 குதிரைத்திறனில் வந்து நின்றது. இதைத்தான் "அரசும் காப்பீட்டுக்காரர்களும் சேர்ந்து கொன்றுவிட்டார்கள்" என்று மாமன் துக்கம் அனுசரிக்கிறார். அக்குழந்தைகளுக்காகவும் யாரேனும் துக்கம் அனுசரிக்க வேண்டாமா?

மருமகன் இதுவரை படித்துப் புன்னகைத்திருப்பார். அவருக்கும் நாம் சொல்ல வேண்டியது உண்டு.

2015ஆம் ஆண்டு மாடலாக வந்த டாட்ஜ் சேலஞ்சர் ஹெல்கேட் 707 நிகரக் குதிரைத்திறன் கொண்டது. அதற்கு இரண்டு சாவிகள் தரப்பட்டன: சிவப்புச் சாவி முழுத் திறனையும் திறக்கும், கறுப்புச் சாவி 500இல் நிறுத்திவிடும். தான் செய்த பொருளைக் கண்டு தானே தயங்குபவன்தான் இப்படி இரு சாவிகள் செய்வான். 2023இன் டீமன் 170 எத்தனால் மிகுந்த எரிபொருளில் 1,025 குதிரைத்திறனைத் தந்தது. பந்தயத்துக்கெனத் தயாரிக்கப்பட்ட தளத்தில் கால் மைலை 8.91 வினாடியில் கடந்தது என்பது நிறுவனத்தின் அறிவிப்பு. எந்தச் சாலையில், எந்தச் சந்திப்புக்கும் எந்தச் சந்திப்புக்கும் இடையில் இதைச் செலவழிப்பது? செலவழிக்க முடியாத செல்வத்தின் பெயர் ஆடம்பரம்.

செலவழிக்க முனைந்தால் என்ன ஆகும் என்பதும் தெரிந்ததே. நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான அமெரிக்கக் காப்பீட்டு ஆய்வு நிறுவனம் 2020 மாடல்களை ஆராய்ந்து 2023இல் வெளியிட்ட முடிவுகளில், ஓட்டுநர் இறப்பு விகிதம் மிகுந்த கார்களின் வரிசையில் மஸ்டாங், கமாரோ, சேலஞ்சர், சார்ஜர் ஆகியவற்றின் வகைகள் இடம்பெற்றன. காற்றுப்பையும் கணினியும் இருந்தும் இப்படி. மாமனின் காலத்துக் கார் ஓட்டுநரைக் காப்பாற்றத் தெரியாதது. மருமகனின் காலத்துக் கார் காப்பாற்றத் தெரிந்துகொண்டே அவரைச் சாவுக்கு அழைக்கிறது. எதில் முன்னேற்றம் என்று மருமகன் சொல்லட்டும்.

இனி இருவரும் பேசாத பொருளுக்கு வருவோம். அது எஞ்சினோ ஆன்மாவோ அன்று, விலை.

1968இல் வந்த பிளிமத் ரோட் ரன்னரை நினைத்துப் பார்க்க வேண்டும். பெஞ்சு இருக்கை, தரையில் கம்பளத்துக்குப் பதிலாக ரப்பர் விரிப்பு. நீக்கக்கூடியவற்றையெல்லாம் நீக்கிவிட்டு 383 கன அங்குல எஞ்சினை மட்டும் வைத்தார்கள். கார்ட்டூன் பறவையின் பெயருக்காக வார்னர் பிரதர்ஸுக்கு 50 ஆயிரம் டாலர் கொடுத்து, அப்பறவையைப் போலவே கத்தும் ஹாரனையும் பொருத்தினார்கள். விலை 2,896 டாலர். அவ்வாண்டில் அமெரிக்கக் குடும்பம் ஒன்றின் இடைநிலை வருமானம் ஏறத்தாழ 8,600 டாலர். அதாவது ஆண்டு வருமானத்தில் மூன்றிலொரு பங்கு. முதல் ஆண்டில் சுமார் 45 ஆயிரம் பேர் வாங்கினார்கள். காரைப் பூட்டிய தொழிலாளியின் மகன் அந்தக் காரை வாங்க முடிந்தது என்பதே மசில் காரின் வரலாற்றுப் பொருள். பெரிய எஞ்சினும் வேகமும் செல்வந்தரின் ஐரோப்பியக் கார்களுக்கே உரியவை என்றிருந்த இடத்தில், மலிவான தகட்டுக்குள் அவற்றை வைத்துச் சாமானியன் கையில் கொடுத்த குறும்பு அது. பான்டியாக், ஃபெராரியின் பெயரை எடுத்துக்கொண்டதும் அதே குறும்புதான்.

டீமன் 170இன் விலையோ 96,666 டாலர். 2023இல் அமெரிக்கக் குடும்பத்தின் இடைநிலை வருமானம் ஒரு லட்சம் டாலரை ஒட்டியது. ஏறக்குறைய ஓராண்டு வருமானம் முழுவதும். 815 குதிரைத்திறன் கொண்ட மஸ்டாங் ஜிடிடி மூன்று லட்சம் டாலருக்கு மேல். இவற்றை ரோட் ரன்னரின் வாரிசுகள் என்று அழைப்பது, ஜமீன்தாரின் வீட்டில் நாட்டுப்புறப் பாட்டு ஒலிப்பதால் அவரை உழவர் என்று அழைப்பதைப் போன்றது.

மாமனின் பக்கம் மட்டும் தூய்மையா? 1968இல் வந்த 'புல்லிட்' திரைப்படத்தில் ஸ்டீவ் மக்வீன் ஓட்டிய மஸ்டாங்கின் கதை இதற்குச் சான்று. 1974இல் ஒரு குடும்பம் அதை 6,000 டாலருக்கு வாங்கியது. அவ்வீட்டுப் பெண்மணி பள்ளி ஆசிரியை. அதை ஓட்டிக்கொண்டுதான் பணிக்குப் போய்வந்தார். 2020 ஜனவரியில் அதே கார் ஃபுளோரிடாவில் ஏலத்துக்கு வந்தது. கட்டணங்கள் உட்பட 37 லட்சம் டாலருக்கு மேல் விலைபோயிற்று. நாமும் ஆசிரியப் பணியில் இருப்பதால் இச்செய்தியை எளிதில் கடக்க முடியவில்லை. ஓர் ஆசிரியை பள்ளிக்கு ஓட்டிச் சென்ற பொருளை இனி எந்த ஆசிரியையும் தொட்டுக்கூடப் பார்க்க முடியாது. அதை விலையேற்றியது யார்? ஆன்மாவைப் பற்றிப் பேசியவர்கள்தாம். ஆன்மா, மெய்ம்மை, தொன்மை என்ற சொற்களெல்லாம் ஏலக்காரரின் சுத்தியலுக்குக் கீழேதான் போய்ச் சேர்ந்தன.

ஆண்டுதோறும் ஆகஸ்டில் டெட்ராய்ட்டின் உட்வர்ட் நிழற்சாலையில் பழைய கார்களின் ஊர்வலம் நடக்கிறது, 1995இல் தொடங்கியது. 1960களில் இளைஞர்கள் இரவில் பந்தயம் ஓட்டிய அதே சாலை, பான்டியாக் நகரம் வரை செல்வது. நகரம் இருக்கிறது, அதன் பெயரைத் தாங்கிய கார் பிரிவு 2010இல் மூடப்பட்டது. சேலஞ்சரின் கடைசி வண்டி 2023 டிசம்பரில் வெளிவந்தது, அதுவும் எல்லைக்கு அப்பால் கனடாவின் பிராம்டனில். அடுத்து வந்த மின்சாரச் சார்ஜரில், இல்லாத வி-8இன் உறுமலை உண்டாக்கவே தனிக் கருவி வைத்திருக்கிறார்கள். நினைவேக்கத்தை எஞ்சினின்றியே விற்கலாம் என்று நிறுவனங்கள் கண்டுகொண்டன. மாமனின் ஏக்கமும் மருமகனின் எண்ணும் ஒரே கடையில் விற்கும் இரு சரக்குகள் என்பதற்கு இதைவிடச் சான்று எதற்கு?

அப்படியானால் வாரிசே இல்லையா? உண்டு, இருவருமே மதிக்காத ஒன்று. 2024இல் ஏறத்தாழ 42 ஆயிரம் டாலருக்கு விற்ற சாதாரண மஸ்டாங் ஜிடி. வி-8 எஞ்சின், 480 நிகரக் குதிரைத்திறன், நிற்கத் தெரிந்த பிரேக். இடைநிலை வருமானத்தில் ஐந்தில் இரண்டு பங்கு. ரோட் ரன்னரின் மூன்றிலொன்றை அது எட்டவில்லை. ஆயினும் அந்தக் கணக்கின் அருகில் நிற்கிறது. திறனிலோ பாதுகாப்பிலோ 1970இன் எந்தக் காரும் அதற்கு ஈடில்லை. ஆனால் அது அரிதானதன்று, அதனால் மாமனுக்கு அதில் ஆன்மா தெரியவில்லை. நான்கிலக்க எண்ணும் அதற்கில்லை, அதனால் மருமகனுக்கு அது கண்ணில் படவில்லை.

பழையதா புதியதா என்ற கேள்வியை இனி நம் வட்டத்தில் எழுப்புவோர் முதலில் வேறொரு கேள்விக்கு விடை சொல்லட்டும்: இதைச் செய்தவர் இதை வாங்க முடியுமா? 1968இல் இதற்கு ஆம் என்ற விடை இருந்தது. இழந்தது அந்த விடையை, கார்புரேட்டரை அல்ல. மாமனும் மருமகனும் இதற்கு எழுதும் மறுப்பை வரும் மாதம் கேட்கச் சித்தமாயிருக்கிறோம். ஆனால் நாவலைப் பேசி முடித்த பிறகு.