எந்தக் கதவுக்கு வாரண்ட்?

கஞ்சா ரெய்டு என்று ராத்திரி இரண்டு மணிக்கு உடைபடுவது யார் வீட்டுக் கதவு? சேரிக் கதவுதான். பங்களா என்றால் மட்டும் வாரண்ட் ஞாபகம் வந்துவிடும்.

போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 42ஆம் பிரிவு நமக்கும் சேர்த்துத்தான். சூரியன் மறைந்தபின் வாரண்ட் இல்லாமல் வீட்டுக்குள் நுழைய வேண்டுமா? வாரண்ட் வாங்கப் போனால் ஆள் தப்பிவிடுவார், பொருள் மறைக்கப்படும் என்று நம்புவதற்கான காரணத்தை அதிகாரி முதலில் எழுத வேண்டும். 72 மணி நேரத்துக்குள் அதன் நகல் மேலதிகாரிக்குப் போக வேண்டும். இதை அடியோடு மீறுவதை ஏற்க முடியாது என்று 2009இல் கர்னைல் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு சொன்னது. தாமதத்துக்குத் திருப்தியான விளக்கம் இருந்தால் பரவாயில்லை என்றும் சொல்லிவைத்தது. அந்தச் சந்தில்தான் வண்டி ஓடுகிறது.

"பொருள்தான் கிடைத்ததே, அப்புறமென்ன தாள்?" என்கிறார்கள். கிடைத்ததா, வைக்கப்பட்டதா என்று கேட்க நம் கையில் இருப்பதே அந்தத் தாள்தான். தோழர்களே, வழக்கறிஞர் மூலம் அந்த நகலைக் கேட்போம். அதில் போட்டிருக்கும் நேரத்தை முதலில் பார்ப்போம்.