கருவிகளின் மொழி

மொழி ஒன்றாயிருக்குமளவும் மக்கள் ஒருங்கு கூடித் தொழில் செய்வர்; அது சிதைந்தவிடத்துத் தொழிலும் சிதையும். பாபேல் கோபுர வரலாறு உணர்த்துவது இதுவே. அன்று மக்கட்கு நேர்ந்த அவ்விடர் இன்று அவர்தம் கருவிகட்கும் நேர்ந்து வருகின்றது. போலீஸாரும் தீயணைப்போரும் இரயில்வே ஊழியரும் கையிலேந்திப் பேசும் 'வாக்கி டாக்கி' என்னும் இருவழி வானொலியைப் பற்றியே ஈண்டுக் கூறப் புகுந்தேன்.

இக்கருவி இருவகைப்படும். அனலாக் என்னும் பழைய வகை, குரலின் ஏற்றத்தாழ்வை அவ்வாறே வானொலி அலையிற் பதித்து அனுப்புவது. டிஜிட்டல் என்னும் புதிய வகை, குரலை அளந்து எண்களாக மாற்றி அனுப்புவது. புதியதன் சிறப்பை மறுப்பாரில்லை. அலை எட்டும் எல்லை வரையில் இரைச்சலின்றி ஒலிக்கும். 2005-இல் ஐரோப்பாவில் வகுக்கப்பெற்ற டி.எம்.ஆர். முறையில், 12.5 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரே வழியில் இரண்டு உரையாடல்கள் ஒருங்கே நிகழலாம். பிறர் ஒட்டுக் கேளாவண்ணம் மறைத்துப் பேசுதலும் எளிது.

ஆயினும், புதிய கருவி தன் முறையிற் பேசுங்கால் பழங் கருவியில் உறுமல் ஒலியன்றி வேறொன்றும் கேளாது. இற்றை எழுத்தை மட்டுமே கற்றவன் தருமபுரிப் பக்கத்து நடுகற்களிலுள்ள வட்டெழுத்தைக் கண்டு மயங்குவதை இஃது ஒக்கும். இரண்டும் கற்றவனோ இரண்டையும் படிப்பான். டி.எம்.ஆர். கருவிகள் பெரும்பாலும் இரண்டும் கற்றவையே. பழங் கருவியின் அலைவரிசையை முன்னரே பதித்து வைத்திருப்பின், குமிழைத் திருப்பிய அளவில் அதனோடு பழைய முறையிற் பேசும். டெட்ரா முதலிய வேறு முறைக் கருவிகட்கோ பொதுவாக அவ்வாற்றல் இல்லை. டிஜிட்டல் முறைகள் தம்முள்ளும் ஒன்றையொன்று அறியா. ஆகவே, புதியது என்னும் பெயரொன்றே கண்டு வாங்குதல் தகாது.

இஃது எங்கோ உள்ளார் கவலையன்று. 2018 ஆகஸ்டில் மேட்டூர் அணையினின்று வினாடிக்கு இரண்டு லட்சம் கன அடி அளவில் நீர் வெளிப்பட்டபோது, குமாரபாளையத்தும் பள்ளிபாளையத்தும் காவிரிக் கரை வீடுகளுள் வெள்ளம் புகுந்தது. சேலம் ஜில்லாவிலே திறக்கும் நீர் நாமக்கல் ஜில்லாவிலே புகுகின்றது. அத்தகைய நாளில் மின்சாரமின்றிச் செல்பேசிக் கோபுரங்கள் ஓய்ந்துவிடின் கைவானொலியே துணை. அப்போது ஒரு துறையார் கூறும் எச்சரிக்கை மற்றொரு துறையார் செவியில் வெறும் உறுமலாய் விழுமாயின், கரையில் உறங்குவோர் கதி யாது?

2001 செப்டம்பர் 11-ஆம் நாள் நியூயார்க்கில் இதனையொத்த கேடு நிகழ்ந்தது. வடகோபுரம் விழக்கூடும் என்று போலீஸ் ஹெலிகாப்டரிலிருந்து கூறிய செய்தி, உள்ளேயிருந்த தீயணைப்போரை எட்டவில்லை. அந்நாளில் மாண்ட தீயணைப்போர் 343 பேர். அங்குற்ற குறை டிஜிட்டலால் வந்ததன்று. இரு படையினரும் தமக்குள் ஒரு பொது வழியை அமைத்துக்கொள்ளாமையால் வந்தது. பொது வழியின்மை எக்காரணத்தால் வரினும் அதன் பயன் ஒன்றே.

பழமையைப் பற்றி நிற்பின் புதியதன் பயன் குன்றும் என்பாருளர். மெய்யே, அனலாக் பேச்சு நிகழும் வழியில் இரண்டு உரையாடல்கள் இயலா. ஆயின் யாம் வேண்டுவது எல்லா வழிகளையுமன்று, ஒன்றை மட்டுமே. கடைசிப் பழங் கருவி ஓயும் வரையில், எல்லாத் துறையார்க்கும் உரிய அனலாக் வழியொன்று நிற்கட்டும். இருமுறையும் அறிந்த கருவிகளே வாங்கப்படட்டும். மழைக்காலத்துக்கு முன் ஒரு நாள் யாவரும் அவ்வழியிற் பேசிப் பழகட்டும்.

மொழிபெயர்ப்போனில்லாத சபையில் பிறர் அறியா மொழி பேசுவதாற் பயனில்லை என்பது பவுலடிகள் கொரிந்தியர்க்கு உணர்த்திய கருத்து. கேட்போனுக்கு விளங்காத பேச்சு எத்துணைத் தெளிவாயினும் பேச்சாகாது. இவ்வுண்மையைக் கருவி வாங்கும் அதிகாரிகள் உளங்கொள்வாராக.